6 மாசம் ஆடியாச்சு, இனி சொந்தமா ஒரு பாடெல் ரக்கெட்: வட்டமா, துளியா, டயமண்டா?

வெள்ளவத்தை_லொப்

எல்லாருக்கும் வணக்கம். வாரத்துக்கு 2 தரம், பெரும்பாலும் இரவு 8 மணிக்குப் பிறகு பாடெல் (கண்ணாடிச் சுவருக்குள்ள ரெண்டு ரெண்டு பேரா ஆடுற, டெனிஸ் மாதிரி ஆட்டம்) ஆடுறேன். 6 மாசம் ஆகுது. முந்தி பெட்மின்டன். வலக்கை, லெஃப்ட் சைட். இதுவரைக்கும் கோட்டில (ஆடுகளத்தில) வாடகைக்குக் குடுக்கிற ரக்கெட்தான்.

அடுத்த மாசம் டுபாயிலிருந்து ஒருத்தர் வாறார், கொண்டு வரச் சொல்லலாம். நான் பார்த்து வச்சிருக்கிறது டயமண்ட் வடிவம், 18கே கார்பன், ஹார்ட் ஈவிஏ (உள்ளே இருக்கிற ஃபோம்), 365–375 கிராம். ஏனெண்டா என்ர ஸ்மாஷ் பின்கண்ணாடியில பட்டு அழகா எழும்பி எதிராளிட கைக்கே போகுது. அவர் ஆறுதலா எடுத்து லொப் (தலைக்கு மேலால உயரத் தூக்கிற பந்து) போடுறார். பவர் காணாது. இந்தத் தெரிவு சரியா?

(ஃபோன் ஒவ்வொரு தரமும் "பாடெல்" என்றதை "பாடல்" ஆக்குது. எங்கயாவது பாடல் ரக்கெட் என்று வந்தால் கண்டுக்காதீங்க.)

ராஜகிரிய_ஸ்மாஷ்

லெஃப்ட் சைட் என்றால் டயமண்ட்தான். இதில யோசிக்க என்ன இருக்கு? வட்டம் வாங்கினா இன்னும் 6 மாசத்தில திரும்பவும் ஒண்டு வாங்க வேண்டி வரும். இரட்டைச் செலவு.

பின்கண்ணாடி

அவசரப்பட்டுச் சொல்லி அனுப்ப வேண்டாம். நீங்கள் சொல்லும் பிரச்சினைக்கும் ரக்கெட்டின் பவருக்கும் சம்பந்தம் குறைவு.

பாடெலில் அரைகுறை வேகத்தில் நேராக அடிக்கும் ஸ்மாஷ்தான் எதிராளிக்குக் கிடைக்கும் மிகச் சுலபமான பந்து. தரையில் பட்டு, பின்கண்ணாடியில் பட்டு, இடுப்பு உயரத்தில் அவர் முன்னால் வந்து நிற்கும். அதைத் தவிர்க்க வழி இரண்டு: பந்து ஆடுகளத்தை விட்டே வெளியேறும் அளவுக்கு அடிப்பது, அல்லது பண்டேஹா, விபோரா என்கிற தலைக்குமேல் அடிகள் மாதிரி வெட்டி அடித்துக் கண்ணாடியில் பட்டதும் கீழே இறங்க வைப்பது. 6 மாதத்தில் முதலாவது பத்தில் ஒன்றுகூட வராது. இரண்டாவதுக்குத் தேவை பவர் இல்லை. பந்து ரக்கெட்டின் நடுவில் படவேண்டும், ரக்கெட் நேரத்துக்கு மேலே போயிருக்க வேண்டும். டயமண்ட் இந்த இரண்டையும் கடினமாக்கும்.

வடிவத்தின் கதை இதுதான். நீளம் எல்லா ரக்கெட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. விதிப்படி 45.5 செ.மீ நீளம், 26 செ.மீ அகலம், 38 மி.மீ தடிப்பு. இதைத் தாண்டக்கூடாது. எனவே தயாரிப்பவர் மாற்றக்கூடியது, அகலமான பகுதியை எந்த உயரத்தில் வைப்பது என்பதைத்தான். வட்டத்தில் அது நடுவில். டயமண்டில் மேலே. துளியில் (கண்ணீர்த்துளி வடிவம்) இரண்டுக்கும் இடையில். அகலம் எங்கேயோ பொருளும் பாரமும் அங்கே. கிரிக்கெட்காரர் சொல்லும் "மிடில்" இருக்கிறதே, அதுவும் பாரத்தோடு சேர்ந்து மேலே போய்விடும்.

மேலே போன மிடில், கையை நீட்டி உச்சியில் அடிக்கும்போது நல்லது. ஆனால் ஒரு கேமில் நீங்கள் அடிக்கும் பந்துகளில் எத்தனை உச்சியில்? கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் பந்து முழங்காலுக்குக் கீழே, உடம்புக்குப் பக்கத்தில் வரும். அது ரக்கெட்டின் கீழ்ப்பாதியில், கழுத்துக்குக் கிட்டத்தான் படும். டயமண்டில் அந்த இடம் செத்த இடம். பந்து வலைக்கே போகாது.

நாலாவது_ஆள்

பின்கண்ணாடி அண்ணா சொன்னதுக்கு ஒரு சின்னச் சோதனை இருக்கு. வாடகைக்கு ரெண்டு வடிவமும் எடுத்து, ரக்கெட்டைக் கிடையாப் பிடிச்சுப் பந்தை மெல்லத் தட்டிக்கொண்டு நில்லுங்கோ. முதல் நடுவில 10 தட்டு. பிறகு 3 செ.மீ கைப்பக்கமா நகர்த்தி 10. பிறகு 3 செ.மீ முனைப்பக்கமா 10. கையை ஒரே மாதிரி அசைக்கவேணும், அதுதான் முக்கியம். வட்டத்தில மூண்டு இடத்திலயும் பந்து ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு எழும்பும், சத்தமும் பெரிசா மாறாது. டயமண்டில கைப்பக்கம் போனவுடன "டொக்" எண்டு ஒரு வறட்டுச் சத்தம் வரும், உயரமும் குறையும். கடையிலயும் செய்யலாம், ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.

ராஜகிரிய_ஸ்மாஷ்

அப்ப பெரிய ஆட்டக்காரர் எல்லாரும் ஏன் டயமண்ட் பிடிக்கிறாங்கள்?

பின்கண்ணாடி

எல்லாரும் இல்லை. ஹுவான் லெப்ரோனின் பெயரோடு வரும் பாபொலாட் வைப்பர் டயமண்ட்தான். ஆனால் ஆகுஸ்தின் தாப்பியாவின் நொக்ஸ் ஏடி10 துளி வடிவம். உலகத்தில் அவரைவிடக் கூட அடித்து ஆடுபவர்களை விரல்விட்டு எண்ணலாம். மிகேல் லம்பெர்த்தி பெயரில் வரும் நொக்ஸ் எம்எல்10 புரோ கப் வட்டம். லம்பெர்த்தி மெதுவாக ஆடுபவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று: அவர்கள் பின்னால் ஓடும்போதே ரக்கெட் தோளுக்கு மேலே தயாராக இருக்கும். நமக்கு லொப் தலைக்கு மேல் வந்த பிறகுதான் ரக்கெட் முழங்காலிலிருந்து புறப்படும்.

இடக்கை_தெமட்டகொட

சைட் விஷயத்தில் ஒரு திருத்தம். "லெஃப்ட் என்றால் அட்டாக், ரைட் என்றால் கண்ட்ரோல்" என்கிறது ரெண்டு பேரும் வலக்கை என்றால்தான் சரி. லெஃப்ட்டில் நிற்கிற வலக்கையாளருக்கு நடுப்பக்கம் ஃபோர்ஹேண்ட், அதனால் நடுவில் வார உயரப் பந்து அவர்ட பொறுப்பு. ரைட்டில் இடக்கையாளர் நின்றால் அவருக்கும் நடுவில் ஃபோர்ஹேண்ட்தான். பார்ட்னர் இடக்கை என்றால் ஸ்மாஷ் பாதி அவருக்குப் போயிடும். அப்ப லெஃப்ட்டில் நிற்கிற நீங்க டயமண்டைத் தூக்கிட்டு அலையத் தேவையே இல்ல.

வெள்ளவத்தை_லொப்

விளங்குது. அப்ப 18கே? அது நல்ல கார்பன் தானே, 3கேயை விட?

பின்கண்ணாடி

கே என்பது தரம் இல்லை, கடினமும் இல்லை. ஒரு கார்பன் நூலுக்குள் எத்தனை ஆயிரம் இழை என்பதுதான். 3கே என்றால் 3000 இழை. 18கே என்றால் 18000. நூல் தடித்தால் நெசவுக் கட்டம் பெரிதாகத் தெரியும். ரக்கெட்டின் முகத்தில் பார்க்க வடிவாக இருக்கும். மேலே எத்தனை படை போட்டார்கள், என்ன பிசின், உள்ளே என்ன ஃபோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் கடினத்தைத் தீர்மானிக்கும். மிருதுவான ஈவிஏவுக்கு மேல் போட்ட 18கே, கடினமான ஈவிஏவுக்கு மேல் போட்ட 3கேயைவிடக் கையில் மெத்தென்று இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கண்ணாடியிழை வேறு. அது கார்பனைவிடக் கூட வளையும். அதனால் மெதுவான வீச்சிலும் பந்து தானாகப் புறப்படும். விலையும் குறைவு. தொடங்குபவருக்குக் கண்ணாடியிழை முகம் குறைச்சலான சாமான் என்று நினைப்பது தப்பு.

ஸ்டிக்கரில் கேயைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கேளுங்கள். சொஃப்ட், மீடியம், ஹார்ட். நீங்கள் தெரிவு செய்ததில் ஹார்ட் என்று இருக்கிறது. என் கணக்கில் டயமண்டைவிடப் பெரிய பிழை அதுதான்.

நாலாவது_ஆள்

ஓம், இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டா இங்க முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழா விளங்கி வச்சிருக்கினம். "ஹார்ட் எண்டா பவர், சொஃப்ட் எண்டா கண்ட்ரோல்." இது முழு வீச்சில மட்டும்தான் உண்மை.

மெல்ல அடிக்கேக்க, அதாவது வொலி (தரையில பட முதல் அடிக்கிறது), லொப், கண்ணாடியில இருந்து எடுக்கிற பந்து, இதிலெல்லாம் சொஃப்ட் ஈவிஏ அமுங்கித் திரும்ப எழும்பும். பந்து தன்பாட்டில போகும். ஹார்ட் ஈவிஏ அந்த வேகத்தில அமுங்கவே அமுங்காது. பலகையால அடிச்ச மாதிரி. பந்தைப் பின்கோட்டுக்குக் கொண்டுபோக நீங்கள்தான் கையை வீசவேணும். முழு வேகத்தில அடிச்சால் கதை மாறும். சொஃப்ட் முழுசா அமுங்கி முடிஞ்சிடும், அதுக்குமேல குடுக்க அதிட்ட ஒண்டும் இல்லை, பந்து எங்க போகுதெண்டும் சொல்லேலாது. ஹார்ட் அங்கதான் தன்ர வேலையைக் காட்டும்.

அப்ப கேள்வி இதுதான்: ஒரு செட்டில நீங்கள் முழு வேகத்தில அடிக்கிறது எத்தினை? மற்றதெல்லாம் மெல்லத்தான். பெட்மின்டன்காரருக்கு ஹார்ட் இன்னும் மோசம். அது ஏன் எண்டு அக்கா வந்து சொல்லுவா எண்டு நினைக்கிறன்.

தெஹிவளை_அக்கா

சொல்லுறேன் தம்பி.

பெட்மின்டன் ரக்கெட் 80–90 கிராம். அதில மணிக்கட்டை உதறித்தான் ஸ்மாஷ். பாடெல் ரக்கெட் 360 கிராம், நாலு மடங்கு. அதே உதறலை இதில போட்டால் மணிக்கட்டும் முழங்கையின் வெளிப்பக்கமும் தாங்காது. 2, 3 வாரத்திலயே தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது முழங்கைக்கு வெளியில சுள்ளென்று ஒரு வலி வரும். டெனிஸ் எல்போ என்கிறது அதுதான். வீச்சு தோளிலிருந்து வரவேணும், மணிக்கட்டு பூட்டினபடி.

முழங்கையைக் கெடுக்கிறது ஒரு காரணம் மட்டும் இல்லை. ஹார்ட் ஈவிஏ, முனையில பாரம், மெல்லிய கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறது, பந்தைப் பிந்தி அடிக்கிறது, காத்துப்போன பழைய பந்து. இதில மூன்று ஒன்றாச் சேர்ந்தால் வலி வராட்டித்தான் ஆச்சரியம்.

எல்லாரும் செய்யிற பிழை ஒன்று: கை நோகுது என்றவுடனே ஆகக் குறைந்த எடையை, 335–340 கிராமைத் தேடுறது. அது உதவாது. லேசான ரக்கெட்டைப் பந்து பின்னுக்குத் தள்ளும், அந்த அதிர்ச்சியைக் கை வாங்கும். நல்ல உடம்புள்ள ஆணுக்கு 355–365, பெண்ணுக்கு 345–360, அதோட பாரம் கைப்பக்கமா இருந்தால் போதும்.

கைப்பிடிப் பருமனும் பாருங்க. பிடிச்ச பிறகு மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில மற்றக் கையின் சுட்டுவிரல் நுழையிற இடைவெளி இருக்கவேணும். விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டால் மெல்லிசு. பாடெல் ரக்கெட் அனேகமா மெல்லிசாத்தான் வரும். கைப்பிடிக்கு மேல சுத்துற ஓவர்கிரிப் ஒன்று எல்லாருக்கும் வேணும், பெரிய கைக்கு ரெண்டு.

ராஜகிரிய_ஸ்மாஷ்

சரி அக்கா, கை நோகாட்டி? எனக்கு ஹார்ட்தான் பிடிச்சிருக்கு. கொழும்பு வெயிலில சொஃப்ட் ரக்கெட் களிமண் மாதிரி ஆகிடுது. அதையும் சொல்லணும்.

பின்கண்ணாடி

அதில் நியாயம் இருக்கிறது. ஈவிஏ சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஸ்பெயினில் கோடைக்குக் கொஞ்சம் கடினமானதும் குளிர்காலத்துக்கு மிருதுவானதும் என்று மாற்றி ஆடுவதற்குக் காரணம் அதுதான். நமக்கு வருடம் முழுக்கக் கோடை. பகல் 1 மணிக்குத் திறந்த கோட்டில் ஆடினால் சொஃப்ட் ஈவிஏ இன்னும் சொஃப்ட்டாகும். பந்துக்குள் இருக்கும் காற்றும் சூடேறிப் பந்து துள்ளும். இரண்டும் சேர்ந்தால் வொலி எல்லாம் நீளமாகப் போய்க் கண்ணாடியில் நேராக அடிக்கும்.

ஆனால் கேட்டவர் இரவு 8 மணிக்கு ஆடுபவர். கொழும்பு இரவில் ஈரப்பதம் கூட. பந்தின் ரோமம் ஈரத்தைக் குடிக்கும், பாரமாகும், மெதுவாகும், எழும்பாது. மழை பெய்து ஓய்ந்த பின் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் ஹார்ட் ரக்கெட்டோடு லொப் போட்டுப் பாருங்கள், பாதி வழியில் எதிராளியின் ஸ்மாஷுக்குப் போய் விழும்.

பகலும் இரவும் கலந்து ஆடினால் மீடியம். இரவு மட்டும் என்றால் மீடியம்-சொஃப்ட். சில கம்பெனிகள் ஈவிஏ என்றே எழுதாமல் தாங்கள் வைத்த பெயரைப் போடும். அப்போது பெருவிரலால் முகத்தை அழுத்திப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. விரல் மூட்டால் நடுவில் தட்டுங்கள். கூர்மையான உயர்ந்த சத்தம் கடினம், தாழ்ந்த மந்தமான சத்தம் மிருது. பக்கத்தில் தெரிந்த ஒரு ரக்கெட்டை வைத்து ஒப்பிட்டால்தான் இது பயன்படும்.

எதுவாக இருந்தாலும் கார் டிக்கிக்குள் விடாதீர்கள். காலி வீதியில் மத்தியானம் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் ஃபோமும் பிசினும் சேர்ந்து கெடும். முகத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் பிரிவு விழுந்தால் திருத்த வழியில்லை.

இடக்கை_தெமட்டகொட

டுபாயிலிருந்து எடுப்பிக்கிறதால இதையும் கவனிங்க. 365–375 என்று எழுதியிருப்பது ஒரு எல்லை. ஒரே மொடல், ஒரே நிறம், ரெண்டு ரக்கெட் எடுத்தால் 10 கிராம் வித்தியாசம் சாதாரணமா இருக்கும். பலன்ஸும் (பாரம் கைப்பக்கமா முனைப்பக்கமா என்கிறது) அப்படித்தான். கொண்டு வாரவர்ட்ட "எந்தப் பெயர்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. "கடையில் தராசில் வச்சு இத்தனை கிராமுக்குள்ள இருந்தா எடுங்க" என்று சொல்லி அனுப்புங்க. நல்ல கடையில் தராசு இருக்கும், கேட்டா நிறுத்துக் காட்டுவாங்க.

போலியும் நிறைய ஓடுது. முன்னணி மொடல் ஒன்று பாதி விலைக்கு இணையத்தில வந்தா, ஓட்டைகளுக்குள்ள பாருங்க. நல்ல ரக்கெட்டில் துளை சுத்தமா வெட்டியிருக்கும், ஓரத்தில் பிசிர் இருக்காது. கார்பன் நெசவு என்று தெரியிறது உண்மையில் அச்சடிச்ச படமா என்று வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க. நிஜ நெசவில் சாய்க்கும்போது கட்டங்கள் மாறி மாறி மினுங்கும், படம் அப்படியே கிடக்கும்.

வெள்ளவத்தை_லொப்

பலன்ஸ் பலன்ஸ் என்று எல்லாரும் சொல்றீங்க. வீட்டில் அளக்க ஏலுமா?

நாலாவது_ஆள்

ஏலும். குசினியில மா நிறுக்கிற டிஜிட்டல் தராசும், 30 செ.மீ அடிமட்டமும், ஒரு பென்சிலும் போதும்.

கைவாரைக் கைப்பிடியோட சுத்தி ரப்பர் பேண்ட் போடுங்கோ, தொங்கினால் அளவு பிழைக்கும். நிறுங்கோ. பிறகு மேசையில பென்சிலை வச்சு (ஆறு மூலைப் பென்சில், உருண்டது வேண்டாம்) அதுக்கு மேல ரக்கெட்டைக் குறுக்க வச்சு, ரெண்டு பக்கமும் சாயாமல் நிக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கோ. அந்த இடத்தில பென்சிலால மெல்லிசா ஒரு கோடு. கைப்பிடியின்ர அடிமூடியில இருந்து அந்தக் கோடு வரைக்கும் எத்தினை செ.மீ எண்டு அளவுங்கோ. அதுதான் பலன்ஸ். 3 தரம் செய்து சராசரி எடுங்கோ, 2 மி.மீ பிழை வாறது சகஜம்.

25.5க்குக் கீழ எண்டால் கைப்பக்கப் பாரம். 25.5–26.5 நடுத்தரம். அதுக்குமேல முனைப்பாரம். கம்பெனிக்குக் கம்பெனி எல்லை கொஞ்சம் மாறும். டயமண்ட் எல்லாம் முனைப்பாரம் எண்டும் இல்லை, வட்டம் எல்லாம் கைப்பாரம் எண்டும் இல்லை. அதுதான் அளக்கிறது.

வெள்ளவத்தை_லொப்

கோட்டிலிருந்து ரெண்டு இரவல் வாங்கி அளந்தேன்.

ஒன்று: வட்டம், 358 கிராம், பலன்ஸ் 25.6. ஒரு ஓவர்கிரிப் இருக்கு.
ரெண்டு: டயமண்ட், 371 கிராம், பலன்ஸ் 27.1. ஓவர்கிரிப் ஒன்று, முனையில தடிச்ச பாதுகாப்பு டேப்.

13 கிராம்தானே வித்தியாசம்? ஆனால் ரெண்டாவது கையில இரும்பு மாதிரி இருக்கு. அளந்ததில ஏதும் பிழையோ?

பின்கண்ணாடி

பிழை இல்லை. எடையை மட்டும் பார்த்தால் 4 விழுக்காடுகூட இல்லை. ஆனால் கை தூக்குவது எடையை மட்டுமல்ல. கிரிக்கெட் பட் வாங்கும்போது "பிக்அப்" என்கிறோமே, ஒரே எடையுள்ள இரண்டு பட்டில் ஒன்று பறவை, ஒன்று உலக்கை. அதேதான் இது.

கணக்காகவே பாருங்கள். கை பிடித்திருக்கும் இடத்தின் நடு, அடிமூடியிலிருந்து சுமார் 7 செ.மீ. பாரம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் கை உணரும்.

வட்டம்: 358 × (25.6 − 7) = 6659
டயமண்ட்: 371 × (27.1 − 7) = 7457

12 விழுக்காடு கூட. வேகமாகத் திருப்பும்போது வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். அந்த எண்ணைக் கம்பெனிகள் பெரும்பாலும் அட்டையில் போடுவதில்லை.

இந்த இரண்டையும் கோட்டில் ஒப்பிட ஸ்மாஷ் அடித்துப் பார்க்க வேண்டாம். அதில் டயமண்ட்தான் வெல்லும், மனம் மயங்கும். வலைக்கு 2 மீற்றர் பின்னால் நின்று, எதிரில் ஒருவரை வேகமாக அடிக்கச் சொல்லி, ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் மாறி மாறி 20 வொலி. எத்தனை பிந்தியது என்று எண்ணுங்கள். அதையே ஒன்றரை மணி நேரம் ஆடிய பிறகு, கை களைத்திருக்கும்போது இன்னொரு தரம். கடைசி 20தான் உண்மையைச் சொல்லும்.

ராஜகிரிய_ஸ்மாஷ்

டயமண்டில இன்னொரு ஓவர்கிரிப் சுத்தினால் பலன்ஸ் கீழ வந்திடும். லேசாகும். எல்லாரும் செய்யிறது. இதுக்கு ஏன் புது ரக்கெட்?

நாலாவது_ஆள்

எண் கீழ வரும், ரக்கெட் லேசாகாது. ரெண்டும் ஒண்டில்லை.

ஓவர்கிரிப் ஒண்டு 6 கிராம் எண்டு வையுங்கோ. 371 கிராம் 377 ஆகும். பலன்ஸ் 27.1இல இருந்து 26.8க்கு வரும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த 6 கிராம் சுத்துறது கை பிடிக்கிற இடத்திலேயே. அதுக்கும் கைக்கும் தூரம் பூச்சியம். அண்ணா போட்ட கணக்கில திரும்பப் போட்டுப் பாருங்கோ, 7457 அப்பிடியே நிக்கும். முனையில இருந்த பாரம் ஒரு கிராமும் குறையேல்லை, கை தூக்கிற மொத்தம்தான் கூடியிருக்கு.

கழட்டவேண்டியது டேப். தடிச்ச டேப் 8 கிராம் வரும், ஒட்டியிருக்கிற இடம் 44 செ.மீயில. அதைக் கழட்டினால் 363 கிராம், பலன்ஸ் 26.7, கைக்கணக்கு 7161. 4 விழுக்காடு குறைஞ்சது. ஒரு சதமும் செலவில்லை. ஆனா இரவல் ரக்கெட்டெண்டா கழட்டாதேங்கோ, சண்டை வரும்.

ராஜகிரிய_ஸ்மாஷ்

ம்ம். என்ரதிலும் தடிச்ச டேப்தான் இருக்கு. கழட்டிப் பார்க்கிறேன். டயமண்டை விடமாட்டேன், சொல்லிட்டேன்.

தெஹிவளை_அக்கா

விட வேண்டாம் தம்பி, உங்களுக்கு ஓடுது என்றால் ஆடுங்க.

ஓவர்கிரிப் பற்றி ஒன்று. நம்ம புழுக்கத்தில வியர்வை ஊறி 3 ஆட்டத்தோட அது சோப்பு மாதிரி வழுக்கும். வழுக்கினால் கை தானா இறுக்கிப் பிடிக்கும், பிறகு முழங்கைதான் பலி. ஒட்டுற மாதிரி பளபளப்பான ரகம் காய்ந்த கைக்குத்தான் நல்லம். கை வியர்க்கிற ஆட்களுக்குத் துணி மாதிரிச் சொரசொரப்பான, ஈரம் உறிஞ்சிற ரகம் பாருங்க. சுத்தும்போது அடியிலிருந்து மேலே, மூன்றில் ஒரு பங்கு மேல்மடிப்பா. இழுத்துச் சுத்தினால் மெல்லிசாகும், தளர்வா விட்டால் ஆட்டத்துக்கு நடுவில மடிப்பு எழும்பும்.

இடக்கை_தெமட்டகொட

முகத்தில் இருக்கிற சொரசொரப்புக்கும் காசு வாங்குறாங்க. மணல் தூவின மாதிரிப் பூச்சு சில மாசத்தில் தேய்ஞ்சிடும். அச்சிலேயே எழும்பி வார கோடுகள் நிற்கும். ஆனா 6 மாச ஆட்டத்தில் ஸ்லைஸ் (வெட்டி அடிக்கிறது) வராததுக்குக் காரணம் பூச்சு இல்ல, ரக்கெட் முகம் மேல்பக்கமாத் திறக்காததுதான். அதுக்காக விலையைக் கூட்டிக் குடுக்காதீங்க.

வெள்ளவத்தை_லொப்

வொலிச் சோதனை செய்தாச்சு. தொடக்கத்தில் வட்டம் 2 பிந்தினது, டயமண்ட் 5. ஆட்டம் முடிஞ்ச பிறகு வட்டம் 4, டயமண்ட் 11. டயமண்டில பேக்ஹேண்ட் கிட்டத்தட்ட எல்லாமே பிந்தினது.

சரி, டயமண்டை விடுறேன். வட்டமா துளியா?

பின்கண்ணாடி

துளி, பலன்ஸ் 26க்கு மேல் போகாதது. காரணம் நீங்கள் லெஃப்ட்டில் நிற்கிறீர்கள். மேலே வரும் பந்து உங்களுக்குக் கூட. வட்டத்திலும் தப்பில்லை, ஆனால் பெட்மின்டன் கண் இருக்கிறவருக்குப் பந்தை நடுவில் படவைப்பது அவ்வளவு கடினமாக இருக்காது. கடினமாக இருக்கப்போவது ரக்கெட்டை நேரத்துக்குக் கொண்டுபோவது. அதற்குப் பலன்ஸைக் கீழே பிடித்தால் போதும், வடிவத்தை முழு வட்டத்துக்கு இறக்கத் தேவையில்லை.

சொல்லி அனுப்ப வேண்டியது: துளி வடிவம், மீடியம்-சொஃப்ட் ஈவிஏ, முகம் கண்ணாடியிழை அல்லது எந்தக் கேயானாலும் கார்பன், கார்பன் சட்டம் (ஃப்ரேம்), ஓவர்கிரிப் இல்லாமல் 355–362 கிராம், பலன்ஸ் 26 அல்லது கீழே. இந்த எண்களுக்குள் வந்தால் எந்தக் கம்பெனி, எந்த நிறம் என்பது உங்கள் விருப்பம். போன வருட மொடல் விலை குறைவாகக் கிடைக்கும். பல தடவை மாறியிருப்பது நிறம் மட்டும்தான்.

நாலாவது_ஆள்

நான் வட்டம் எண்டுதான் சொல்லுவன். அண்ணாவுக்கும் எனக்கும் இதில எப்பவும் ஒத்துவராது. 11 வொலி பிந்தின ஆளுக்கு 26 பலன்ஸ் கூட. 25.5 பாருங்கோ. ஆனா துளி எடுத்தால் பாவமும் இல்லை.

வெள்ளவத்தை_லொப்

கடையிலிருந்து இப்ப வாட்ஸ்அப்பில படம் அனுப்பினார். துளி, மீடியம்-சொஃப்ட். ஒரே மொடலில் மூன்று நிறுத்திருக்கிறார்: 356, 361, 367. பலன்ஸ் பென்சிலில் வச்சுப் பார்த்தது: 26.3, 25.9, 26.0. எடை குறைந்ததுக்குப் பலன்ஸ் கூட வருது, எதை எடுக்கச் சொல்ல? கடைக்காரர் பாதுகாப்பு டேப் இலவசமா ஒட்டித் தாறாராம்.

பின்கண்ணாடி

361, 25.9. கைக்கணக்கு 6823 வருகிறது. 356க்கு 6871, எடை குறைவு என்றாலும் கையில் அதுதான் கொஞ்சம் பாரம்.

தடித்த டேப் ஒட்ட வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். 8 கிராம் ஏறினால் 369, 26.3 ஆகிவிடும்; பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்ததெல்லாம் வீண். 4 கிராமுக்கு மேல் போகாத மெல்லியது, கடிகாரத்தில் 10 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் மட்டும். அது 26.1இல் நிற்கும். கண்ணாடியில் உரசுவதும் தரையில் தேய்வதும் அந்த வளைவில்தான்.

நாலாவது_ஆள்

கைவார் பெட்டிக்குள்ள இருக்கோ எண்டும் பார்க்கச் சொல்லுங்கோ. மணிக்கட்டில போடாமல் ஆட விதி விடாது. பிறகு வியாழன் இரவு ஆட ஒரு ஆள் குறையுது, ரைட் சைட். புது ரக்கெட் வந்தால் சொல்லுங்கோ.